கை பட்டால்தான் எழ வேண்டும்

முட்டியைத் தட்டிப் பார்த்த எலும்பு டாக்டர், "சின்ன வயசுல ஏதாவது விளையாட்டுல இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேன் டாக்டர்."

அவர் முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. "என்ன விளையாட்டு?"

"உக்கார்ற விளையாட்டு."

வந்த மரியாதை வந்த வழியே போய்விட்டது. ஏதோ ஒரு களிம்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டர் சின்னப் பையன். அவருக்குப் புரியாது. குனிந்தால் நிமிர ஒரு சுவரையும், நிமிர்ந்தால் உட்கார ஒரு நாற்காலியையும் தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்குப் புரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நான் கோ-கோ ஆடினேன். ஆடினேன் என்பது மிகை. எங்கள் அணியில் ஆடியது வேறொருத்தி. அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அரிமளத்திலிருந்து திருமயம் போகிற பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூட மைதானம் சரளை மண். விழுந்தால் முட்டியில் ஏறுகிற சிவப்பு, தீபாவளிக் குளியலிலும் போகாது. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் இலவ மரம், ஒரு பக்கம் சத்துணவுக் கூடம். நேராக வேகம் பிடித்து ஓடினால் கிணற்றுக்குள்தான் போய் முடிக்க வேண்டும்.

இந்த மைதானத்துக்குத்தான் நாட்டுக்காக ஓடிய ஒருவர் பி.டி. டீச்சராக வந்து சேர்ந்தார்.

காலை அசெம்பிளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அப்படித்தான் அறிமுகப்படுத்தினார், "நாட்டுக்காக ஓடியவர்" என்று. நாங்கள் அவர் அங்கேயே ஓடிக் காட்டப் போகிறார் என்று காத்திருந்தோம். அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு, கொடிமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கணவர் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தார். அவருக்கு மாற்றல் கிடைத்த இடமெல்லாம் டீச்சருக்கும் ஊர்.

நான்கு பேர் ஒரு கட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுவார்களே, ரிலே, அதில் டீச்சர் மூன்றாவது ஆள். வெளிநாட்டுக்கெல்லாம் போய் ஓடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இங்கே எதற்கு வந்தார் என்பதற்கு ஊரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது: பெரிய போட்டியில் கட்டையைக் கீழே போட்டுவிட்டாராம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் டீக்கடைக்காரருக்கு, தானே குனிந்து பொறுக்கிக் கொடுத்தது போல் அவ்வளவு நிச்சயம். டீச்சர் தூக்குச் சட்டியை நீட்டும்போதெல்லாம் சொல்வார்:

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க டீச்சர். கீழ போட்டா இன்னொருக்கா ஊத்த மாட்டேன்."

டீச்சர் சிரிப்பார். ஆனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

கோ-கோ என்பது ஹெட்மிஸ்ட்ரஸ் எடுத்த முடிவு. ஆபீஸ் அறை வாசலில் நோட்டுக் கட்டோடு நின்ற நான் அதைக் கேட்டேன்.

"ஓட எடமில்ல டீச்சர். பந்து வாங்கக் காசில்ல. கோ-கோ ஆரம்பிச்சுருங்க. ரெண்டு தைலமரக் கம்பு ஊனுனாப் போதும்."

"எனக்கு கோ-கோ தெரியாதுங்களே மேடம்."

"பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்க விசில் ஊதுங்க."

மறந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரே வரிசையில் எட்டுப் பேர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். விரட்டுகிறவள் வரிசையைக் குறுக்கே கடக்கக் கூடாது. தப்பிக்கிறவள் மட்டும் எங்கள் இடுக்குகளில் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகலாம். அவள் அந்தப் பக்கம் போய்விட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்று கத்த வேண்டும். தொட்டவள் அங்கே உட்கார, தொடப்பட்டவள் எழுந்து விரட்டுவாள். கோ வருவதற்கு முன்னால் எழுந்தால் தப்பாட்டம்.

டீச்சர் முதல் நாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். விசிலை ஊதவில்லை. எங்கள் ஓட்டத்தைப் பார்த்தார் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை, முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு கை வருகிறது, முன்னால் இருப்பவள் பார்க்காமலே கிளம்புகிறாள். ஓடுகிற விளையாட்டிலிருந்து தப்பி வந்தவருக்கு இந்த உலகத்திலேயே இந்த ஒரு விளையாட்டுதானா கிடைக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினோம்.

என்னை அணியில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு ஓட்டம் வராது. ஆனால் உட்கார்ந்தால் அசைய மாட்டேன். கட்டெறும்பு ஏறினாலும் அது இறங்கும்வரை பொறுப்பேன். "இவ நல்லா உக்கார்றா" என்று டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். பிற்பாடு முப்பது வருட ஆபீஸ் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் இத்தனை துல்லியமாக இருந்ததில்லை.

உண்மையான ஆட்டக்காரி கம்பத்தை ஒட்டிய கட்டத்தில் உட்காருகிறவள். கம்பத்துக்காரி என்றே கூப்பிடுவோம். வரிசையின் கடைசியில் இருப்பவளுக்குத்தான் நொடிக்கணக்கில் வேலை. தப்பிக்கிறவள் கம்பத்தைச் சுற்றும்போது பாய்ந்து தொட வேண்டும். கிணறு வெட்டுகிறவரின் மூத்த மகள். ஒல்லி. எண்ணெய் படாத தலை. வாய் மட்டும் கிணற்றளவு.

டீச்சரின் கையை முதலில் கவனித்தவளும் அவள்தான்.

நடக்கும்போது டீச்சரின் வலது கை உடம்போடு சேர்ந்து ஆடாது. கொஞ்சம் பின்தங்கி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, விரல்கள் விரிந்து அப்படியே தொங்கும். யாரோ பின்னால் வந்து எதையோ கொடுக்கப் போகிற மாதிரி. பிரார்த்தனைப் பாட்டு பாடும்போதும் அந்தக் கை அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் மத்தியானம், சத்துணவுக் கூடத்திலிருந்து டீச்சர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். கம்பத்துக்காரி சாம்பாருக்கு நறுக்கி வைத்திருந்ததில் நீளமான ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பூனை மாதிரி பின்னால் போய் அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன. டீச்சர் ஓடினார்.

நாங்கள் சிரிப்பதற்கு வாயைத் திறந்திருந்தோம். சிரிப்பு வரவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கிணற்றை நோக்கி, புடவை காலில் சிக்காமல் எப்படியோ பறக்க, முருங்கைக்காயை முன்னால் வீசி வீசி ஓடினார். கிணற்றுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். கையில் இருப்பது என்ன என்று குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை எறியாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

கம்பத்துக்காரி எங்கள் பக்கம் ஓடி வந்தாள். "செத்தேன்டி. டி.சி. குடுக்கப் போறாக."

மறுநாள் டீச்சர் அவளைக் கூப்பிட்டது உண்மைதான். "நேத்து வச்சது நீதானே? நல்லா வச்ச. கை நடுங்கல ஒனக்கு" என்றார். அன்றிலிருந்து டீச்சருக்கு அவள்மேல் தனிக் கண்.

அவள் அப்பா மைதானத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்த வருடம் அவர் வெட்டிய கிணறுகளில் எல்லாம் பாறைதான் வந்தது. தலையில் துண்டோடு வந்து இலவ மரத்தடியில் நின்றார்.

"இதுல செயிச்சா என்ன தருவாக?"

"கோப்பை தருவாங்கண்ணே. நல்லா ஆடுற பிள்ளையத் திருச்சியில விளையாட்டு ஆஸ்டல்ல சேத்துக்குவாங்க. படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு."

"மூணு வேளையுமா?"

"முட்டையோட."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "திருப்பூரு பனியன் கம்பெனி வேன்காரன் இந்தா அந்தாங்கிறான். இவளுக்குக் கீழ இன்னும் மூணு கெடக்கு. ஆஸ்டல்காரக கூப்பிட்டா அங்கிட்டு அனுப்புறேன். கூப்பிடலைன்னா, வேன் வந்தா ஏத்தி விட்டுருவேன். ஒங்க மொகத்துக்காகத்தான் ஆட்டம் முடியிற மட்டும் பொறுக்குறேன்."

"கம்பெனியிலயும் முட்டை உண்டாப்பா?" என்றாள் கம்பத்துக்காரி.

"வாயப் பாருங்க டீச்சர் இவளுக்கு" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாயாடித்தனம் எல்லாம் போய்விட்டிருந்தது. "எனக்கு அந்த ஆஸ்டல்தான்டி வேணும். அங்க போனா பன்னெண்டு வரைக்கும் படிக்கலாமாம். பெறகு நானே பி.டி. டீச்சர் ஆகி, ஒங்கள மாதிரி தூங்குமூஞ்சிகள உக்கார வச்சு விசில் ஊதுவேன்." சொல்லிவிட்டு இல்லாத விசிலை ஊதிக் காட்டினாள்.

ஆக, எங்களுக்கு அது கோப்பை. அவளுக்குத் திருச்சியா திருப்பூரா என்ற கேள்வி. இது அணியில் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் பஞ்சு வந்தது.

இலவ மரத்தில் காய் வெடித்து மைதானமெல்லாம் பஞ்சு பறக்கிற பருவம். டீச்சர் அதைப் பொறுக்கிக் கொட்டை எடுத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, வரிசையாக வந்து ஒவ்வொருத்தி காதிலும் அடைத்தார். சத்தத்தை நம்பக் கூடாதாம். சத்தம் யாருடையதாகவும் இருக்கலாமாம். "கை பட்டாத்தான் எந்திரிக்கணும். விரல் பட்டாப் பத்தாது. உள்ளங்கை முழுசும் முதுகுல படியணும். படிஞ்சது நெசந்தானான்னு ஒரு மூச்சு விட்டுப் பாத்துட்டு எந்திரிங்க."

அந்த ஒரு மூச்சுதான் எங்கள் அணியின் தனி முத்திரை.

என் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "காதுல சீப் பிடிச்சா யாரு டீச்சர் பாக்குறது? நாட்டுக்காக ஓடுனவுகன்னு பேசாம இருக்கோம். அதுக்காக எம்பிள்ளைய செவிடாக்குவீகளா?"

"சாயந்திரம் எடுத்துருவோம்க்கா."

"எடுத்தப்பெறகும் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறாளே."

அது பஞ்சின் குற்றமில்லை, நான் சுபாவத்திலேயே அப்படி. ஆனால் அம்மா சொன்னதில் வேறொரு உண்மை இருந்தது. காது அடைத்த பிறகு மைதானம் தண்ணீருக்கு அடியில் போனது போலாகிவிடும். தோழிகள் வாயைத் திறந்து மூடுவார்கள், ஒன்றும் வராது. கேட்பதெல்லாம் நம் ரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து, எப்போது வரும் என்று தெரியாத ஒரு கைக்காகக் காத்திருக்க வேண்டும். நாளாக நாளாக முதுகே காதாகிவிட்டது. வீட்டில் சோறு தின்னும்போதும் முதுகு எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு சாயந்திரம் எனக்கு முதுகில் கை பட்டது. உள்ளங்கை, முழுசாக. டீச்சர் சொன்னபடி ஒரு மூச்சு விட்டு எழுந்து ஓடினேன். ஓடிய பிறகுதான் தெரிந்தது, விரட்டிக்கொண்டிருந்த போஸ்ட்மேன் மகள் அந்தக் கோடியில் நிற்கிறாள். எனக்குப் பின்னால் சரளையும் வெயிலும்தான் இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை என்பதால் அது இன்னும் கோரமாக இருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வேகமாக வந்து என் பஞ்சை எடுத்தார்.

"எந்தக் கைடி?"

"தெரியல டீச்சர்."

"வலதா, எடதா?"

"முதுகுலதான பட்டுச்சு. எப்படித் தெரியும்?"

"எடதாத்தான் இருக்கும்" என்றார், என்னிடம் இல்லை. அன்று ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்.

உட்கார்ந்தே இருந்ததால் முதுகுத் தசை துடித்திருக்கும், அவ்வளவுதான். டாக்டர் பையனைக் கேட்டால் அதற்கு ஒரு பெயரும் சொல்வார். ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் நிற்கும்போதோ, கல்யாண வீட்டுக் கூட்டத்திலோ பின்னால் யாராவது லேசாகத் தொட்டால், நான் முதலில் மூச்சைத்தான் விட்டுப் பார்க்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் பஞ்சு வேலை செய்தது. மற்ற அணிகள் எதிராளிகளை ஏமாற்ற ஒரு தந்திரம் வைத்திருந்தன. ஓரமாக நின்றுகொண்டு திடீரென்று "கோ" என்று கத்துவார்கள். உட்கார்ந்திருப்பவள் பதறி எழுவாள், நடுவர் விசில் ஊதுவார். திருவரங்குளத்தில் நடந்த ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். நாங்கள் கோயில் யாளி போல் உட்கார்ந்திருந்தோம். ஒரு தப்பாட்டம்கூட இல்லை. அவர்கள் தங்கள் முறையில் கூட்டத்தின் கூச்சலுக்கே எழுந்து, ஆளுக்கு நாலு தப்பாட்டம் ஆடித் தாங்களே தோற்றார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களும் அப்படியே. டீக்கடைக்காரர்கூட டீச்சரைச் சீண்டுவதை நிறுத்திவிட்டு, எங்களுக்குச் சில்லறை வாங்காமல் பொரை பிஸ்கட் கொடுத்தார்.

மாவட்ட இறுதி ஆட்டம் புதுக்கோட்டையில். டவுன் பிள்ளைகள் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். எங்கள் கால்களில் சரளைச் சிவப்பு இருந்தது. திருச்சி ஆஸ்டலுக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர், தொப்பி வைத்த ஒரு பெரியவர், பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரிசையில் உட்காரப் போகும்போது நடுவர் கம்பத்துக்காரியின் காதைப் பார்த்துவிட்டார்.

"காதுல என்னம்மா அது?"

"பஞ்சு சார்."

"சளியா?"

"கோச்சிங் சார்."

அவர் எங்கள் எல்லோர் காதையும் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "எடுக்கச் சொல்லுங்க டீச்சர். நான் விசில் ஊதுனாக் கேக்கணுமில்ல."

நியாயம்தான். டீச்சரால் மறுக்க முடியவில்லை. தானே வரிசையாக வந்து எடுத்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. பஞ்சு போனதும் உலகம் முழுக்க ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது. கடலை விற்கிறவர், பஸ் ஹாரன், ஒலிபெருக்கி இரைச்சல், டவுன் பிள்ளைகளின் கைதட்டல். எல்லாத் திசையிலிருந்தும் "கோ, கோ" என்ற கூப்பாடு. அதில் எது எங்கள் கோ என்று யாருக்கும் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்க அதை மட்டும்தான் நாங்கள் பழகவே இல்லை.

இருந்தும் சமாளித்தோம். பழகிய கை பழகிய முதுகில் விழுந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணியில் ஒரே ஒருத்தி பாக்கி. அவளைத் தொட்டால் ஜெயிப்போம். இல்லாவிட்டால் இல்லை. போஸ்ட்மேன் மகள் அவளைக் கம்பம்வரை துரத்திக்கொண்டு வந்தாள். எதிராளி எனக்கும் கம்பத்துக்காரிக்கும் இடையிலிருந்த இடுக்கில் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்து எழுந்தாள். அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் கம்பத்துக்காரி. கையை நீட்டினால் தொடுகிற தூரம். போஸ்ட்மேன் மகள் மூச்சு வாங்க எட்டி, "கோ" என்று கத்தினாள். அவள் விரல் நுனிகள் கம்பத்துக்காரியின் முதுகில் பட்டதை நான் பார்த்தேன். உள்ளங்கை படியவில்லை.

கம்பத்துக்காரி எழவில்லை.

அவள் முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாவணியில் வியர்வை. முதுகு ஒரு முறை ஏறி இறங்கியது. சொல்லிக் கொடுத்தபடி, ஒரு மூச்சு. பிறகு எழுந்தாள். எழுந்து அவள் ஓடிய ஓட்டம் அதுவரை நான் பார்க்காதது. ஆனால் எதிராளி அதற்குள் மறு கம்பத்துக்குப் போய்விட்டிருந்தாள். விசில் ஊதிவிட்டது.

தேர்வாளர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். கம்பத்துக்காரி சரளை ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டீச்சரிடம், "வேகம் இருக்கு. ஆனா கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குதே. மந்தம் டீச்சர். இத வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்றார்.

டீச்சர் வாயைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மந்தமில்லை, நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரு வரி. அது வரவில்லை. தேர்வாளர் ஒரு நிமிடம் மரியாதைக்காக நின்றுவிட்டு டவுன் பிள்ளைகள் பக்கம் போனார். டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கம்பத்துக்காரி முன் சீட்டில் தூங்கிப் போனாள். என் பக்கத்தில் டீச்சர். ஜன்னலுக்கு வெளியே முந்திரிக் காடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதனிடம்தான் பேசினார். நான் பழக்க தோஷத்தில் ஒரு காதில் மறுபடி பஞ்சை வைத்திருந்தேன். எடுத்தால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று எடுக்காமல் மற்றக் காதால் கேட்டேன்.

"கட்டைய நான் கீழ போடல. கையில வாங்கவே இல்ல. எனக்குப் பின்னாடி ஓடி வந்தவ எங்கூட ஒரே ரூம்ல இருந்தவ. எடது கையில கட்டைய நீட்டிக்கிட்டு வந்துருக்கா. பக்கத்துக் கோட்டுல வேற எவளோ கத்துனா. நம்மவ சத்தம்னு நான் கெளம்பிட்டேன். அவ எட்டி எட்டிப் பாத்துருக்கா. நான் வெறுங்கையோட எல்லையத் தாண்டிட்டேன். பின்னாடி வந்தவ சோந்து போய்ட்டா, அதான் எட்டலைன்னு பேப்பர்ல போட்டாங்க. என்னையக் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் காமாலையில செத்துப் போனா. ஓடி முடிக்கல. இன்னும் பின்னாடி வந்துக்கிட்டேதான் இருக்கா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு அம்மா கோழியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

பழைய ஓட்டத்தை எங்கள் முதுகில் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார் என்று இப்போது சொல்ல முடிகிறது. ஒரு முறை அவசரப்பட்டவர், ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கே பொறுக்கக் கற்றுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கம்பத்துக்காரியைப் பற்றி டீச்சர் சொல்லியிருக்க வேண்டியதை, யாரைப் பற்றியோ எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். தோற்ற வெட்கம் என்றார் டீக்கடைக்காரர்.

திருப்பூர் வேன் மட்டும் சொன்ன வாக்குத் தவறாமல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்று ஆள் ஏற்றினார்கள். நானும் போஸ்ட்மேன் மகளும் வழியனுப்பப் போயிருந்தோம். கம்பத்துக்காரி ஒரு ஜவுளிக்கடைப் பையோடு ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். "விசில வாங்கி வைங்கடி. லீவுல வந்து ஊதுறேன்" என்றாள். அவள் அப்பா வேனைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே டேப்பில் பாட்டு அலறியது. வேன் கிளம்பியது. அது கிளம்பிய தூசி அடங்குவதற்குள் திருச்சியிலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். கசங்கிய புடவை, எண்ணெய் வழிகிற முகம்.

"எங்கடி அவ?"

"வேன்ல போறா டீச்சர்."

"அந்தத் தொப்பிக்காரரப் போய்ப் பாத்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் தப்புதான்னு, பழசு புதுசு எல்லாம் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வந்து ஓடிக் காட்டச் சொல்லிட்டாரு. நாளைக்கு ஒரு நாளுதான்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையை என் கையில் திணித்தார். செருப்பை உதறினார். புடவையைத் தூக்கிச் செருகினார்.

ஓட்டம் என்றால் என்ன என்று எங்கள் ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. தார் ரோட்டில் கால் படுகிற சத்தமே இல்லை. தோள் ஆடவில்லை. டீக்கடைக்காரர் வடிகட்டியோடு ரோட்டுக்கு வந்து நின்றுவிட்டார். "ஆத்தாடி" என்று மெதுவாகச் சொன்னார், சாமியைப் பார்த்தவர் போல. கண்மாய்ப் பாலம்வரை ரோடு குண்டும் குழியும். வேன் ஆடி ஆடித்தான் போகும். அதுவரைதான் அவருக்கு நேரம். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. வேனுக்குள் பாட்டுச் சத்தம்.

பாலத்துக்குச் சற்று முன்னால் எட்டிவிட்டார். கையை நீட்டி வேனின் பின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

நம் பக்கத்தில் பஸ்ஸோ வேனோ லாரியோ, பின்னால் நின்று இரண்டு தட்டுத் தட்டினால் ஒரே அர்த்தம்தான்: எல்லாம் ஏறியாச்சு, போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இது கைக்குழந்தைக்கும் தெரியும். வருடக்கணக்கில் ஓடிப் பழகியவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. டிரைவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கியரை மாற்றினார். வேன் பாலத்தைத் தாண்டி நல்ல ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

டீச்சர் அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு நடந்தார். பிறகு நின்றார்.

எந்தக் கம்பெனி, எந்தத் தெரு என்று அவள் அப்பாவுக்குத் தெரியவில்லை. "திருப்பூருன்னுதான சொன்னாய்ங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலை வந்தது, போனது. டீச்சர் அந்த வருடம் முழுக்க எங்களுக்குத் தோட்ட வேலைதான் கொடுத்தார். நடக்கும்போது கைகள் இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டார். அடுத்த கோடையில் கணவருக்கு மாற்றல் வந்தது. அவர் பிறகு எந்த ஊரில் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் திருப்பூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எதிர் இலைக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்திருந்தாள். காதில் கல் வைத்த தோடு. "நல்லா உக்கார்றடி இன்னமும்" என்றாள். கம்பத்துக்காரி.

கை கழுவிவிட்டு மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். தையல் மிஷினில் ஆரம்பித்து இப்போது லைன் சூப்பர்வைசர். மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள். அப்பா போய்விட்டார், தங்கைகள் எல்லோரையும் கரையேற்றிவிட்டாள். நானே பேச்சை டீச்சர் பக்கம் கொண்டுபோனேன். அந்தக் காலையில் டீச்சர் திருச்சியிலிருந்து என்ன சேதி கொண்டுவந்தார் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

"டீச்சரா" என்றாள் அவள். முகம் ஒரு நொடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது. "அன்னைக்கு எம் பின்னாடி ஓடி வந்தாகள்ல. கண்ணாடி வழியாப் பாத்துட்டேன்டி. தோக்கடிச்சவளாச்சே, கோவமா இருப்பாகன்னுதான் நெனச்சுக்கிட்டு உக்காந்துருந்தேன். பாத்தா, வழியனுப்ப அம்புட்டுத் தூரம் ஓடி வாராக. பெத்த அப்பனே ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. மொத வருசம் ஆஸ்டல்ல, அதான் கம்பெனி ஆஸ்டல்ல, ராவுல அழுகையா வரும். அத நெனச்சுக்குவேன். நாட்டுக்காக ஓடுனவுக. எனக்காகவும் ஒருக்கா ஓடிருக்காக."

நான் சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தட்டுத் தட்டுனாக பாரு, நல்லாப் போய்ட்டு வாடின்னு. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன். "அங்கனதான் நின்னோம்."